பாட்டிக்கு வேண்டும் பேட்டரி வண்டி! டிஸ்னி பூங்காவில் காலையிலேயே காலி

அமெரிக்காவில் உள்ள டிஸ்னி உல்லாசப் பூங்காவில் நடக்க முடியாதவர்களுக்குப் பேட்டரி வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால், கூட்டம் அதிகமான நாட்களில் இந்த வண்டிகள் காலையிலேயே தீர்ந்துவிடுகின்றன. முன்னாலேயே யோசித்து வைக்காத குடும்பங்களில் தாத்தாவும் பாட்டியும் பெஞ்சில் உட்கார்ந்தே பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

இதுபற்றிய விவரம் வருமாறு:–

புளோரிடா மாகாணத்தில் ஆர்லண்டோ நகரை ஒட்டி இருக்கிறது வால்ட் டிஸ்னி வேர்ல்டு. 1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி திறக்கப்பட்டது. முதலில் இருந்தது மேஜிக் கிங்டம் என்ற ஒரே பூங்கா. பிறகு எப்காட் (1982), ஹாலிவுட் ஸ்டூடியோஸ் (1989), அனிமல் கிங்டம் (1998) என்று நான்காக வளர்ந்துவிட்டது.

மொத்த இடம் சுமார் 100 சதுர கிலோமீட்டர். 2011-க்கு முன்பு சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஒரு விளையாட்டுப் பூங்காவே இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

உலகம் பூராவும் இருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன், மகள் வீட்டுக்குச் சென்னையில் இருந்து போகும் பெரியவர்களும் இங்கே அழைத்துச் செல்லப்படுகிறார்கள்.

நடந்தால் தெரியும்

காலையில் உள்ளே போய், இரவு வாணவேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஒரே நாளில் 10, 15 கிலோமீட்டர் நடந்துவிடுவது சர்வசாதாரணம். எப்காட் பூங்காவில் ஓர் ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. அந்த ஏரியை ஒரு தடவை சுற்றினாலே சுமார் 2 கிலோமீட்டர். கோடைகாலத்தில் வெயிலும் நம் ஊர் வெயில் மாதிரிதான். புழுக்கம் வேறு. மத்தியானத்துக்கு மேல் திடீர் என்று இடி மழை.

"அம்மா தினமும் கோவிலுக்கு நடந்துதானே போறாங்க" என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். கோவிலுக்குப் போகிறவர் போனதும் உட்கார்ந்துவிடலாம். பூங்காவில் நடந்தது பாதி என்றால், கியூவில் நின்றது மீதி. மத்தியானம் 12 மணிக்கு முழங்கால் மக்கர் செய்துவிடும். அதற்குப் பிறகு வண்டியைத் தேடி ஓடினால் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

மனைவிக்காகச் செய்த வண்டி

இந்த வண்டி பிறந்ததே ஒரு குடும்பத்தின் கஷ்டத்தில்தான். மிச்சிகன் மாகாணத்தில் ஆலன் தீம் என்று ஒருவர். வீடுகளுக்குக் குழாய் வேலை செய்து கொடுக்கும் காண்டிராக்டர். அவருடைய மனைவிக்கு நரம்பைத் தாக்கும் நோய் வந்து நடை தளர்ந்தது. 1968-ல் அவரே ஒரு பேட்டரி வண்டியைச் செய்து முடித்தார். 'அமிகோ' என்று பெயர் வைத்தார். ஸ்பானிஷ் மொழியில் 'நண்பன்' என்று அர்த்தம். பிறகு அதுவே ஒரு கம்பெனி ஆகிவிட்டது.

இப்போது வாடகைக்கு விடும் வண்டிகளும் ஏறக்குறைய அதே ஜாதிதான். மூன்று அல்லது நான்கு சக்கரம். நாற்காலி மாதிரி சீட். முன்னால் ஒரு கைப்பிடி, சாமான் வைக்க ஒரு கூடை. லைசென்ஸ் தேவையில்லை. டாக்டர் சர்டிபிகேட்டும் கேட்பதில்லை.

வாடகைக்கு இரண்டு வழி

முதல் வழி, பூங்காவுக்கு உள்ளேயே வாடகைக்கு எடுப்பது. பல ஆண்டுகள் நாள் வாடகை 50 டாலர், திருப்பித் தரும் டெபாசிட் 20 டாலர் என்று இருந்தது. முன்பதிவு கிடையாது. முதலில் வருகிறவருக்கு முதலில். ஓட்டுகிறவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். எடை 450 பவுண்டுக்குள், அதாவது 204 கிலோவுக்குள் இருக்க வேண்டும். கேட்டைத் தாண்டி வெளியே கொண்டுபோகக் கூடாது.

சிக்கல் இங்கேதான். மேஜிக் கிங்டத்துக்குக் காரில் போகிறவர்கள் காரை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, மோனோ ரெயிலிலோ படகிலோ ஏறித்தான் பூங்கா வாசலுக்கே போக வேண்டும். வண்டி கையில் கிடைப்பதற்குள் பாட்டி ஒரு பாட்டம் நடந்து முடித்திருப்பார். இரவில் கால் ஓய்ந்துபோன நேரத்தில் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் நடை!

இரண்டாவது வழி, வெளிக் கம்பெனிகளிடம் எடுப்பது. ஊருக்குக் கிளம்பும் முன்பே போன் போட்டுப் பதிவு செய்துவிடலாம். ஓட்டலுக்கே கொண்டுவந்து தருவார்கள். ஒரு வாரத்துக்கு எடுத்தால் கட்டணம் கட்டுப்படியாகும். இரவில் அறையிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஓட்டல், பஸ், பூங்கா எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி.

பதிவு செய்யும்போது நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. எவ்வளவு எடை தாங்கும்? ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும்? வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் மாற்று வண்டி எப்போது வரும்? ஓட்டலில் வைத்துவிட்டுப் போவார்களா, நேரில் நின்று வாங்க வேண்டுமா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டு, விமானம் தாமதமாகி, வண்டி திரும்பிப் போய்விட்டால் முதல் நாளே வீண்.

கியூவை வெட்ட முடியாது

வண்டி எடுத்தால் கியூவில் நிற்க வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இது தப்பு. புளோரிடா பூங்காக்களில் பெரும்பாலான கியூ பாதைகள் வண்டி போகும் அளவுக்கு அகலமானவை. வண்டியில் உட்கார்ந்தபடியே மற்றவர்களோடு வரிசையில் போக வேண்டியதுதான். சில விளையாட்டுகளில் வண்டியை விட்டு இறங்கி, வேறு சீட்டுக்கோ தள்ளு நாற்காலிக்கோ மாற வேண்டும். அனிமல் கிங்டத்தில் மிருகங்களைப் பார்க்கப் போகும் சபாரி லாரியில் இப்படித்தான்.

இந்தச் சலுகை விவகாரத்தில் ஒரு பெரிய கில்லாடித்தனமும் நடந்தது.

2013 மே மாதம் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் ஒரு செய்தி வந்தது. பணக்காரக் குடும்பங்கள் சில, ஊனமுற்ற ஒருவரை மணிக்கு 130 டாலர் கொடுத்து 'வாடகைக்கு' அமர்த்துகின்றன. அவரைச் சொந்தக்காரர் போல் கூட்டிப்போய் கியூவைத் தாண்டி உள்ளே நுழைகின்றன என்பதுதான் செய்தி. 8 மணி நேரத்துக்கு 1,040 டாலர்! நாடு முழுவதும் பரபரப்பு ஏற்பட்டது.

அதே ஆண்டு அக்டோபர் 9-ந் தேதி டிஸ்னி நிர்வாகம் பழைய சலுகைச் சீட்டை ஒழித்துவிட்டது. புதுத் திட்டத்தில் உடனே உள்ளே விடுவது கிடையாது. குறிப்பிட்ட நேரம் எழுதித் தருவார்கள். அப்போதுதான் திரும்பி வர வேண்டும். 2024-ல் விதிகள் இன்னும் இறுகின. ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்குத்தான் என்று ஆகிவிட்டது. முழங்கால் வலி மட்டும் உள்ள தாத்தாவுக்கு வண்டிதான் துணை.

ஆமை, முயல்

ஓட்டுவது கஷ்டம் இல்லை. பல வண்டிகளில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். ஒரு பக்கம் ஆமைப் படம், மறு பக்கம் முயல் படம். ஆமை என்றால் மெதுவாக, முயல் என்றால் வேகமாக. விரலால் நெம்பை அழுத்தினால் ஓடும், விட்டால் தானே நின்றுவிடும். முழு வேகத்தில் மணிக்கு 6 முதல் 8 கிலோமீட்டர்.

கூட்டத்தில் ஆமைதான் நல்லது. வாணவேடிக்கை முடிந்து ஜனங்கள் மொத்தமாக வெளியேறும் நேரம் மோசமான நேரம். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார்கள். வண்டிக்காரர் முன்னால் போகிறவரின் குதிகாலில் இடித்துவிடுவார். அந்த நேரத்தில் வீட்டு ஆள் ஒருவர் வண்டிக்கு முன்னால் நடந்துபோனால் தகராறு மிச்சம்.

சரிவில் ஏறும்போது நேராக ஏற வேண்டும். மூன்று சக்கர வண்டியை வேகத்தில் வெடுக்கென்று திருப்பினால் சாய்ந்துவிடும். பேரப்பிள்ளையை மடியில் உட்கார வைக்க அனுமதி கிடையாது. மழை வந்தால் கைப்பிடி மேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துவிட வேண்டும். தண்ணீர் இறங்கினால் வண்டி படுத்துவிடும்.

இன்னொரு விஷயம். எல்லா வண்டியும் ஒரே அச்சு. வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய் வந்தால் எது நம் வண்டி என்று தெரியாது. கைப்பிடியில் ஒரு கலர் ரிப்பன் கட்ட வேண்டும். சாவியை மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பஸ்சில் இரண்டே இடம்

டிஸ்னி பஸ்களில் சாய்தளம் உண்டு. வண்டிக்காரர்களை முதலில் ஏற்றி, பெல்ட் போட்டுக் கட்டுகிறார்கள். ஆனால் ஒரு பஸ்சில் இரண்டு வண்டிக்குத்தான் இடம். மூன்றாவது ஆள் அடுத்த பஸ்சுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இரவில் இது நீண்ட நேரம் இழுத்துவிடும். வாணவேடிக்கைக்குக் கொஞ்சம் முன்னாலேயே கிளம்புகிறவர்கள் தப்பிக்கிறார்கள்.

"எனக்கு என்ன கால் இல்லையா?"

பணம், பேட்டரி எல்லாவற்றையும் விடப் பெரிய தடை கவுரவம். "எனக்கு என்ன கால் இல்லையா? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்று பெரியவர்கள் மறுத்துவிடுகிறார்கள். வண்டியில் இருந்து எழுந்து நான்கு அடி நடந்தால் போதும். "நல்லாத்தானே நடக்குறாரு" என்று பின்னால் முணுமுணுக்கிறவர்களும் இருக்கிறார்கள். இதய நோய்க்காரர், மூச்சு வாங்குகிறவர், மூட்டு தேய்ந்தவர் எல்லோரும் நான்கு அடி நடப்பார்கள். நான்கு கிலோமீட்டர்தான் முடியாது.

1990-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் அமெரிக்காவில் அமலில் இருக்கிறது. சக்கர நாற்காலியிலோ, இப்படிப்பட்ட வண்டியிலோ வருகிறவரிடம் "உனக்கு என்ன வியாதி?" என்று கடைக்காரரோ பூங்கா ஊழியரோ கேட்கக் கூடாது. வண்டியில் போவது யாரும் போடும் பிச்சை அல்ல, உரிமை.

பூங்கா வாசலில் நின்று கொண்டு பெரியவரிடம் வாதாடுவதில் பலன் இல்லை. அதற்குள் வண்டி தீர்ந்துவிடும். கூச்சம் போக ஒரு சுலபமான வழி இருக்கிறது. அமெரிக்காவில் வால்மார்ட் போன்ற பெரிய கடைகளில் வயதானவர்கள் சாமான் வாங்குவதற்காகக் கூடை வைத்த பேட்டரி வண்டிகள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வாடகை கிடையாது. டிஸ்னிக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு தாத்தாவையும் பாட்டியையும் அங்கே கூட்டிப்போய், காய்கறிப் பக்கம் இரண்டு ரவுண்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம். பழகிவிட்டால், அன்று சாயந்தரமே கம்பெனிக்குப் போன் போட்டு வண்டியைப் பதிவு செய்துவிடலாம்.