பழைய படகுக்குப் புதுப் பாய்

வீட்டுக் கூரை ஒழுகினால் அன்றைக்கே ஆள் தேடுகிறோம். தண்ணீர்க் குடம் கீறினால் மாற்றுகிறோம். ஆனால் அந்த வீட்டுக்கே சோறு போடுகிற படகு கரையில் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாவதைப் பெண்கள் நாம் கவனிப்பது குறைவு. "அது ஆம்பிளைகள்ட வேலை" என்று விட்டுவிடுகிறோம். படகு கைவிட்ட பிறகு புதிதாக ஒன்று வாங்க எடுக்கும் கடன் மட்டும் பல வீடுகளில் நம்முடைய பெயரில்தான் வருகிறது. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற தவணைக்காரருக்குப் பதில் சொல்வதும் நாம்தான். ஆகவே சகோதரிகளே, படகைப் பற்றி நாமும் நாலு விடயம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நான் வாழ்வது புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள குறிஞ்சிப்பிட்டியில். எங்களுக்கு ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல். களப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்புள்ளது. பெரும்பாலான இடங்களில் ஆழம் குறைவு. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று விடாமல் வீசும். இந்தக் காற்றை நம்பித்தான் இப்போது வெளிநாட்டார் பட்டச் சறுக்கு விளையாடக் கற்பிட்டிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. எங்கள் முன்னோருக்கோ அதுதான் எஞ்சின்.

மரத்திலிருந்து பைபருக்கு

முன்பு மரத் தோணியும் ஓருவும்தான் இருந்தன. மரத்தைப் புழு அரிக்கும், வெடிப்பு விழும், ஆண்டுதோறும் எண்ணெய் பூச வேண்டும். கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்துப் படகு செய்யும் முறை 1940களில் அமெரிக்காவில் தொடங்கியது. நம் நாட்டில் 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியுடன் காரைநகரில் உருவான சீநோர் இந்தத் தொழிலில் பேர் பெற்றது. பிறகு பதினெட்டு அடி பைபர் படகு நாடு முழுக்கப் பரவியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் பல நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் பைபர் படகுகளைக் கொடுத்தன. அவசரத்தில் செய்யப்பட்ட சில படகுகளின் தரம் போதாது என்று அப்போதே நிபுணர்கள் சொன்னார்கள். அந்தப் படகுகளுக்கும் இப்போது இருபது வயது தாண்டிவிட்டது.

எங்களுடைய படகு அதற்கும் மூத்தது. மாமா, அதாவது என் கணவரின் வாப்பா, 1980களில் வாங்கியது. நடு இருக்கைப் பலகையில் பாய்மரம் நடுவதற்கென்று ஒரு துளை இருந்தது. எஞ்சின் வந்ததும் அதைப் பலகை வைத்து மூடிவிட்டார்கள். பாயும் எங்கோ போய்விட்டது.

2022இல் நாடு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றும் கிடைக்கவில்லை. அந்த வருடம் ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. சிறு படகுகளின் எஞ்சின் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. பிடித்த மீனின் காசு எண்ணெய்க்கே போனது. அந்த நேரம் பார்த்து எங்கள் படகின் பின்பலகையும் ஆடத் தொடங்கியது. புதுப் படகுக்குக் கடன் தருவதாக ஒருவர் கடதாசியோடு வந்தார். கையெழுத்து என்னுடையது வேண்டுமாம்.

மாமாவிடம் கேட்டேன். "மகள், பைபர் உக்காது. உள்ளே இருக்கிற பலகைதான் உக்கும். முதல்ல தட்டிப் பாருங்க, பிறகு கடனைப் பத்திப் பேசலாம்" என்றார். அந்த ஒரு சொல்தான் எங்களைக் கடனிலிருந்து காப்பாற்றியது.

தட்டிப் பார்த்தால் சொல்லும்

பைபர் படகுக்கு நோய் எங்கே வரும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, எஞ்சின் பூட்டும் பின்பலகை. வெளியே பைபர், உள்ளே பிளைவுட். ஆணித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே பலகை உக்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. எஞ்சினைப் பிடித்து ஆட்டும்போது பலகை அசைந்தாலோ, துளையிலிருந்து கபில நிறத் தண்ணீர் கசிந்தாலோ கவனம் தேவை.

இரண்டாவது, அடிப்பகுதி. மணலில் இழுத்து இழுத்து ஏராவும் அடியும் தேய்கின்றன. வெள்ளையாக இழை வெளியே தெரிந்தால் தண்ணீர் உள்ளே போகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது, இருக்கைக்குக் கீழேயுள்ள மிதவைப் பெட்டிகள். படகு கவிழ்ந்தாலும் தாழாமல் காப்பது இவைதான். உள்ளேயுள்ள பஞ்சு தண்ணீரைக் குடித்துவிட்டால் படகு காரணமில்லாமல் பாரமாகும். வழமையாக நாலு பேர் இழுக்கிற படகுக்கு ஆறு பேர் தேவைப்பட்டால் இதைச் சந்தேகியுங்கள்.

இவற்றைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு நாணயக் குற்றியால் தட்டிக்கொண்டே போகலாம். நல்ல இடம் 'டக்' என்று தெளிவாக ஒலிக்கும். அடுக்கு விட்டுப்போன இடம் பூசணிக்காயைத் தட்டியதுபோல மந்தமாக ஒலிக்கும். அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள். எங்கள் படகில் நானும் மகளும் வட்டமிட்டோம். பின்பலகை முழுவதும் வட்டத்துக்குள் வந்தது. அடிப்பகுதியில் மூன்று இடங்கள். மிகுதி எல்லாம் நல்ல சத்தம்.

திருத்திய விதம்

பைபர் வேலை தெரிந்த பாஸ் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் முதலில் செய்யச் சொன்னது வெறும் கழுவல்தான். உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், ஈரம் இருந்தால் பிசின் ஒட்டாது. கிணற்று நீரால் இரண்டு மூன்று தரம் கழுவி, கிடுகு நிழலில் காற்றாடப் பல நாட்கள் காயவிட்டோம்.

பிறகு உக்கிய பிளைவுட்டை உள்பக்கமாக வெட்டி எடுத்து, கடல் வேலைக்குரிய பிளைவுட் வைத்து, மேலே பைபர் போட்டார். அடியிலிருந்த பழுதுகளுக்கு ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை. சுற்றிவர சாய்வாகத் தேய்த்தார். பைபரின் தடிப்பைப்போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சாய்வு வேண்டுமாம். 5 மில்லிமீற்றர் தடிப்பென்றால் ஒவ்வொரு பக்கமும் 6 சென்ரிமீற்றர். பழையதும் புதியதும் கைகோத்துப் பிடிக்க அவ்வளவு இடம் தேவை. சிலர் ஓட்டைக்கு மேலே ஒரு துண்டு மேட்டை ஒட்டிப் பெயின்ற் அடித்துவிடுவார்கள். அது கிழிந்த சட்டைக்கு உள்ளே மடிப்பு விடாமல் ஒட்டுப் போட்டதுபோல. முதல் அலையிலேயே பிரியும்.

அளவு பார்க்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு கிலோ பிசினுக்கு ஹார்டனர் 10 முதல் 20 கிராம் வரைதான். வெயில் கூடிய நாளில் குறைந்த அளவே போதும். கூடப் போட்டால் சட்டென இறுகிச் சூடேறிப் புகைக்கும். குறையப் போட்டால் நாட்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கும். ஒரு சதுர மீற்றர் 450 கிராம் மேட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பிசின் செல்லும். ஒரே தடவையில் நிறையக் கலக்காமல் அரைக் கிலோவாகக் கலக்கினால் வீணாகாது. புட்டுக்கு மா குழைக்கிற கைக்கு இந்த அளவெல்லாம் கஷ்டமே இல்லை.

இதை மட்டும் மறக்க வேண்டாம்

சகோதரிகளே, இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள்.

ஹார்டனர் கண்ணுக்குப் பரம எதிரி. ஒரு துளி பட்டாலே பார்வை போகலாம். வேலை நடந்த இரண்டாம் நாள் என் கணவரின் தம்பிக்குப் போத்தல் மூடியைத் திறக்கும்போது கண்ணில் தெறித்தது. பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் தயாராக இருந்தது. இமையை விரித்துப் பிடித்துக் கால் மணித்தியாலம் விடாமல் ஊற்றினோம். அதன் பிறகே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். கண் தப்பியது. உடனே கழுவியதுதான் காப்பாற்றியது என்று டொக்டர் சொன்னார். கண்ணாடி அணியாமலும் பக்கத்தில் தண்ணீர் இல்லாமலும் ஹார்டனர் போத்தலைத் திறக்கவே கூடாது.

பிசினோடு சேர்க்கிற கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றாகக் கலக்கக் கூடாது. வெடிக்கும். ஒன்றைப் பிசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றது. ஹார்டனர் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள். தூரிகை கழுவுகிற அசிற்றோன் அடுப்பங்கரைப் பக்கமே வரக்கூடாது.

பிசினின் அந்தக் கடும் மணம் ஸ்டைரீன் என்ற ஆவியினுடையது. இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் வகைப்படுத்தியது. ஆகவே வேலை வெளிக் காற்றில்தான் நடக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் தூரத்தில் இருக்க வேண்டும். தேய்க்கும்போது பறக்கிற தூளுக்கு முந்தானைத் துணி போதாது, தூளுக்கென்று விற்கிற முகமூடியே வேண்டும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் குறையும். கீழே தார்ப்பாய் விரித்து அந்தச் சேற்றை அள்ளிவிடுங்கள். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொட்டிய பிளாஸ்டிக் மணிகள் நம் மேற்குக் கரையில் ஒதுங்கியதைப் பார்த்தவர்கள் நாம். நம் கையாலும் களப்பில் சேர்க்க வேண்டாம். கலக்கிய பாத்திரம் எதுவும் மீண்டும் சமையலறைக்குள் வரக்கூடாது.

பாய் தைத்தோம்

பின்பலகை வேலை முடிந்ததும் மாமா அந்த மூடிய துளையைத் திறக்கச் சொன்னார். பாய்மரம் நிற்கும் அடியில் முழுப் பாரமும் ஓரிடத்தில் இறங்கும். அங்கே ஒரு மரக்கட்டை வைத்து, பாரம் பரவுகிற மாதிரி அகலமாகப் பைபர் போட்டார்கள். பைபர் படகுக்கு அடியில் ஆழமான ஏரா கிடையாது. பாய் விரித்தால் நேரே போகாமல் பக்கவாட்டில் நழுவும். அதற்காகக் காற்று அடிக்காத பக்கத்தில் தண்ணீருக்குள் இறக்குகிற ஒரு பக்கப் பலகையும் செய்தார்கள்.

பாய் என் வேலை. துணி வாங்க வசதியில்லாததால் கனமான தார்ப்பாயில் வெட்டினேன். பருத்தி நூல் வெயிலுக்கும் உப்புக்கும் அறுந்துபோகும், பொலியெஸ்டர் நூல் நிற்கும். ஒவ்வொரு தையலும் இரட்டை. மூன்று மூலைகளிலும் நாலு மடிப்புத் துணி வைத்துத் தைத்தேன், இழுவை முழுக்க அங்கேதான். காற்று கூடினால் ஒரே கயிற்றை விட்டதும் கீழே விழ வேண்டும் என்று மாமா கண்டிப்பாகச் சொன்னார். பெரிய பாயைவிட இறக்கத் தெரிந்த சின்னப் பாயே மேல் என்பது அவருடைய பாடம்.

எஞ்சினை நாங்கள் கழற்றவில்லை. காற்றுக்கு எதிராகவும், பெருங்கடலிலும் அது வேண்டும். களப்புக்குள் காற்று ஒத்துவருகிற நாட்களில் பாய் இழுக்கிறது, அவ்வளவு எண்ணெய் மிச்சம். அதைவிடப் பெரிய இலாபம் ஒன்று உண்டு. நடுவில் எஞ்சின் நின்றுபோனால் முன்பு காற்று அடித்த பக்கம் போக வேண்டியதுதான். இப்போது கரைக்கு வர ஒரு வழி இருக்கிறது. சோளகம் உரத்து வீசும் இரவுகளில் எனக்குக் கொஞ்சமாவது தூக்கம் வருவது அதனால்தான்.

எல்லாச் செலவையும் கூட்டிப் பார்த்தேன். புதுப் படகுக்குக் கேட்ட முற்பணம்கூட ஆகவில்லை. அந்தக் கடதாசியில் நான் கையெழுத்து வைக்கவேயில்லை.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

தொழில் முடிந்து வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வடிகால் மூடியைத் திறந்து, முன்பக்கம் உயர்த்தி வையுங்கள், மழைநீர் தேங்காது. வெயில் பைபரின் மேல்பூச்சைச் சுண்ணாம்பாக்கும், கிடுகோ பழைய வலையோ போட்டு மூடுங்கள். வெறும் மணலில் இழுக்காமல் தென்னங்குற்றிகள் வைத்து உருட்டுங்கள். பின்பலகையில் எந்தத் துளை போட்டாலும் அன்றே பசை வைத்து அடையுங்கள். பெயின்ற் அடித்தால் பதிவிலக்கத்தைத் தெளிவாகத் திரும்ப எழுதுங்கள். பாயை நனைந்தபடி சுருட்டாமல் காயவிட்டு நிழலில் வையுங்கள். மாதத்தில் ஒரு நாள் நாணயக் குற்றியோடு படகைச் சுற்றி வாருங்கள்.

எல்லாப் பழைய படகையும் காப்பாற்ற முடியாது. அடி முழுவதும் மந்தமாக ஒலித்தாலோ, ஏரா முறிந்திருந்தாலோ, அதில் ஆளை அனுப்புவது ஆபத்து. அதைச் சொல்லத் துணிவதும் நம் பொறுப்புத்தான். ஆனால் அந்த முடிவைத் தட்டிப் பார்த்த பிறகு எடுங்கள். கடன் கடதாசியில் கையெழுத்துக் கேட்டு யாராவது வந்தால், "முதல்ல படகைப் பார்த்திட்டுச் சொல்றன்" என்று சொல்லுங்கள். அவ்வளவு சொல்வதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.