தோல் அறிந்தவர்கள்



"அந்தக் காலத்து ஆளுகளுக்கு என்ன தெரியும்?" என்ற பேச்சை எங்கும் கேட்கிறோம். எழுத்தும் எந்திரமும் இல்லாத காலத்தவர் மூளையிலும் நமக்கு ஒரு படி கீழே என்பது பொதுப்புத்தியில் ஊறிய கற்பிதம். அந்தக் கீழ்ப்படியில் அவர்களுக்குப் பக்கத்திலேயே நம் மக்களையும் உட்காரவைத்திருக்கிறார்கள். ஆகவே இது நம் பிரச்சினையும்தான்.

1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் ஓர் ஆணின் உடல் கிடைத்தது. இறந்து ஏறத்தாழ 5,300 ஆண்டுகள். அவர் உடுத்தியிருந்த தோல்களின் மரபணு ஆய்வு 2016-இல் வெளியானது. தொப்பி கரடித்தோல், மேலாடை வெள்ளாடும் செம்மறியும் சேர்ந்தது, அம்பறாத்தூணி மான்தோல், செருப்பு வார் மாட்டுத்தோல். எந்தத் தோல் எதற்கு ஆகும் என்று தேர்ந்திருக்கிறார்கள். இரும்பு வராத காலம் அது. அந்த மலையில் இன்று நம்மை விட்டால் ஓர் இரவு தாங்குவோமா?

நம் பக்கத்துத் தோலுக்கு வருவோம். உரித்த பச்சைத்தோல் இந்த வெயிலில் சீக்கிரமே நாறத் தொடங்கும். உப்பிட்டு, ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இறக்கி, மயிர் கழலும் பதத்தில் எடுத்து, உட்புறச் சவ்வை வழித்து, கழுவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் நாள்கணக்கில் போட்டு, கடைசியில் கடுக்காய்த் தண்ணீர் காட்டுவார்கள். சுண்ணாம்பில் நாள் கூடினால் தோல் தளர்ந்துவிடும். எடுத்த எடுப்பில் கெட்டிச் சாற்றில் போட்டால் மேற்புறம் இறுகி, உள்ளே பச்சையாகவே நிற்கும். அதனால் நீர்த்த சாற்றில் தொடங்கிப் படிப்படியாகக் கெட்டிச் சாற்றுக்குப் போக வேண்டும். இதை அளக்கக் கருவி ஏதுமில்லை, கட்டைவிரலும் மூக்கும்தான். செய்து பார்த்து, தவறியதைக் கவனித்து, மாற்றிச் செய்து, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்த இந்த வேலைக்கு அறிவியல் என்பதைத் தவிர வேறு பெயர் என்ன இருக்கிறது?

பட்டையின் துவர்ப்புப்பொருள் தோலிலுள்ள கொலாஜன் இழைகளோடு பிணைந்து அழுகாமல் காக்கிறது. கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955-இல் எழுதினார்கள். பெரிய கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை. அவர்களிடம் எக்ஸ் கதிர்ப் படமும், பல தலைமுறை எழுதிச் சேர்த்த கணிதமும் இருந்தன. குழியில் நின்றவருக்கு எழுத்தே மறுக்கப்பட்டிருந்தது. சேர்ந்திருக்கும் தகவல் வேறு, மூளையின் திறன் வேறு. இரண்டையும் குழப்புவதில்தான் இந்தக் கற்பிதம் பிழைக்கிறது.

இதற்குப் படிக்கட்டு கட்டிக்கொடுத்தவர்களில் அறிஞர்களும் உண்டு. 1877-இல் மார்கன் மனித சமூகங்களைக் காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்று அடுக்கினார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லியோ மூக்கை அளந்து சாதிகளை வரிசைப்படுத்தினார். 'ஆதிமனிதனின் மனம்' பற்றி 1911-இல் நூல் எழுதிய ஃபிரான்ஸ் போவாஸ், வேறுபாடு வரலாற்றால் வருவது, பிறவித் திறனால் அல்ல என்று வாதிட்டார். அவர் பேராசிரியராக இருந்த கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குத்தான் 1913-இல் அண்ணல் அம்பேத்கர் போனார். 1916-இல் சாதி பற்றிய கட்டுரையை அவர் வாசித்தது, போவாஸின் மாணவரான கோல்டன்வைசரின் கருத்தரங்கில். பிறகு 1948-இல், அதே மூக்களவுக் கணக்கை எடுத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் வெவ்வேறு இனமல்ல என்று காட்டினார். அளவுகோலைப் பிடுங்கி அடித்த அடி அது!

பண்டைக்காலத்திலேயே விமானம் விட்டோம் என்று பெருமை பேசுகிற கூட்டமும் இருக்கிறது. அந்தப் பெருமையில் சுண்ணாம்புக் குழிக்கு இடமில்லை. நம் பிள்ளைகள் அந்தக் குழிக்குத் திரும்ப வேண்டும் என்று நாமும் சொல்லவில்லை.

குரோம் உப்பு வந்தபின் பட்டைப் பதனிடல் சுருங்கிவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் பக்கம் அந்தப் பதம் தெரிந்த முதியவர்களைத் தேடிப்போய்க் கேட்டு, அவரவர் பெயரோடு எழுதி அச்சிடுவதை அடுத்த ஆண்டு வேலையாக நாம் எடுத்துக்கொள்வோம்.