இங்கா நாட்டுக் குடியானவரின் குடும்பப் பொருளாதாரம்

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டை இங்கா மன்னர்கள் ஆண்டனர். அப்பேரரசில் நாணயப் புழக்கம் இல்லை. குடிமக்கள் உழைப்பையே வரியாகச் செலுத்தினர்.

மணமான தம்பதியர் ஒரு வரிக்குடும்பமாகக் கணக்கிடப்பட்டனர். அரசு நிலத்தில் பயிரிடுதல், அரசு அளித்த கம்பளியை நெய்தல், சாலை அமைத்தல் ஆகியவை அவர்தம் கடமைகளாகும். தம் பங்கு நிலத்தில் விளைந்த உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் அவர்களுக்கே உரியவை. உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, மிதித்து நீரை அகற்றி, வெயிலில் உலர்த்தினர். அது ஆண்டுக்கணக்கில் கெடாது.

கணவன் முறைப்பணிக்குச் சென்றுவிட்டால் வயலை யார் கவனிப்பது? ‘அய்லு’ எனப்பட்ட உறவினர் குழுவே கவனித்தது. ஒருவர் செய்த வேலைக்கு ஈடாக அதே அளவு வேலை திருப்பித் தரப்பட்டது. ‘அய்னி’ எனப்படும் இவ்வுழைப்புக் கைம்மாற்று பெருவிலும் பொலிவியாவிலும் இன்றும் உண்டு.

1532-ஆம் ஆண்டில் ஸ்பானியர் படையெடுத்தனர். 1570-களில் அரசப் பிரதிநிதி டொலேடோ வரியை வெள்ளியாகச் செலுத்தக் கட்டளையிட்டார். பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்திற்கு ஆட்களைக் கட்டாயமாக அனுப்பச் செய்தார். பலர் ஊர் திரும்பவில்லை, குடும்பங்கள் துணையிழந்தன.

அம்மக்களின் கெச்சுவா மொழியில் ‘வக்ச்சா’ என்னும் ஒரே சொல் ஏழையையும் அநாதையையும் குறிக்கும். உதவ உறவுக் கைகள் உள்ளவரை ஒரு குடும்பம் ஏழைக் குடும்பமாகாது என்பதே அவர்கள் கண்ட கணக்கு.