நிக்கோ மலையிற் செவ்விலை வேட்டை

யப்பானிய மொழியிலே 'மொமிஜிகாரி' என்றொரு சொல் உண்டு. செவ்விலை வேட்டை என்பது அதன் பொருள். வில்லும் வேலும் வேண்டாத இவ்வேட்டைக்காக டோக்கியோ நகர மாந்தர் ஐப்பசி மாதத்திலே திரள்திரளாக நிக்கோ மலைக்குப் புறப்படுகின்றனர். அசாகுசா நிலையத்திற் புகையிரதம் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அடிவாரத்து நகரை அடையலாம்.

அந்நகரில் தோக்குகாவா இயெயாசுவின் புகழ்பெற்ற ஆலயம் இருக்கின்றது. ஆயினும் ஒரே நாளிற் கோயிலையும் மலையையும் பார்க்க விரைபவர் இரண்டையும் செவ்வனே பாரார். இலை காண வந்தவர் நேரே பஸ் ஏறுதலே நன்று.

மலைப்பாதையின் பெயர் இரோஹாசாகா. ஏறும் வழியில் 20 வளைவுகள். இறங்குவதற்கென அமைந்த வேறு வழியில் 28. பழைய யப்பானிய நெடுங்கணக்கின் எழுத்துக்களும் 48 ஆதலால், வளைவுக்கு ஓரெழுத்தாகப் பலகை நாட்டியுள்ளனர். அரிச்சுவடி படித்தவாறே மலையேறலாம்!

உச்சியிலுள்ள சூசென்ஜி ஏரி கடல்மட்டத்திலிருந்து 1,269 மீற்றர் உயரத்தில் உள்ளது. நூறு மீற்றர் ஏறுந்தோறும் வெப்பம் ஏறக்குறைய 0.6 பாகை குறையும். ஆகவே நகரைவிட ஏரிக்கரை நான்கு பாகையளவு குளிர்ந்தது. ஏரியருகே ஒக்டோபர் பிற்பாதியிற் சிவக்கும் இலை, நகரிலே நவம்பரில்தான் சிவக்கும். மலையேறும் ஒரு மணி நேரத்திற்குள் இரண்டு மூன்று வாரங்களைக் கடந்துவிடுகின்றோம்.

பகல் குறுகிக் குளிர் மிகும்போது இலையின் பச்சையம் சிதைகின்றது. முன்னரே மறைந்திருந்த மஞ்சள் அப்போது வெளிப்படும். சிவப்போ அவ்வாறன்று, இலையிற் தங்கிய சர்க்கரையைக் கொண்டு புதிதாக ஆக்கப்படுவது. பகலில் நல்ல வெயிலும் இரவிற் குளிரும் வாய்த்தாற்றான் அது செழிக்கும்.

முன்னொரு காலத்தில் நந்தாய் எரிமலையின் குழம்பு ஆற்றை மறித்தமையால் உண்டானதே இவ்வேரி. அதன் நீர் 97 மீற்றர் கீழே கெகோன் அருவியாக வீழ்கின்றது. பாறையின் கருமைக்கும் நீரின் வெண்மைக்கும் இடையே மேப்பிள் இலைகள் தீப்பொறியெனத் தோன்றும் காட்சியே இப்பயணத்தின் பெரும்பேறு என்பேன்.

ஆனால் வேட்டையின் நாள் நிலைத்து நிற்பதில்லை. யப்பானிய வானிலை நிலையத்தார் 1953 முதல் மேப்பிள் சிவக்கும் நாளைக் குறித்து வருகின்றனர். நாடு முழுவதையும் சராசரியாக நோக்கின், அந்நாள் இன்று இரண்டு வாரங்களுக்கு மேற் பிந்திவிட்டது. காலநிலை வெப்பமடைதலே காரணம். பாட்டனார் குறித்துவைத்த திகதியை நம்பிப் போகும் பேரன் பச்சை இலையையே காண்பான்.

சனி, ஞாயிறுகளில் வளைவுகள்தோறும் வாகனங்கள் நெடுநேரம் முடங்கிக் கிடக்கும். வாரநாளில், முதற் புகையிரதத்திற் செல்வதே உசிதம். மாலையில் இருபத்தெட்டு வளைவுகளும் இறங்கி நகரை அடைந்தால், ஆலயத்தருகே மேப்பிள் மரங்கள் இன்னும் பச்சையாகவே நிற்கும்.