எங்கள் கொல்லிமலை
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

“உங்கள் மலையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?” என்று விடுதி நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு. பிறந்தது முதல் அம்மலையிலேயே வளர்ந்தவனுக்கு இக்கேள்விக்கு விடை கூறுவது எளிதன்று. தாவரவியல் படிக்கத் தொடங்கிய பின்னரே என் ஊரை நானும் புதிதாகப் பார்க்கிறேன்.

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஓர் அங்கமாக நிமிர்ந்து நிற்கிறது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை; சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவையின் மலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவுகள் ஏற ஏறக் காற்று குளிரும். இலையுதிர் காடு பின்தங்க, என்றும் பசுமை மாறாத சோலை நம்மை வரவேற்கும். மேலே சென்றால் வயலும் பள்ளத்தாக்குமாக ஒரு நாடே விரிந்து கிடக்கும். எங்கள் ஊர்ப் பெயர்களும் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்றே அமைந்தவை. பலாவும் அன்னாசியும் மலைவாழையும் மணக்கும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர, அந்நிழலில் காப்பிச் செடி தழைக்கும்.

அறப்பளீசுவரர் கோயிலருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. ஐயாறு இங்கே அருவியாய் வீழ்ந்து, மலையிறங்கிப் புளியஞ்சோலை வழியே சென்று காவிரியில் கலக்கிறது. மழை நின்று பல நாட்கள் ஆன பின்னும் அருவி கொட்டுகிறதே, அந்த நீர் எங்கிருந்து வருகிறது? சிறு வயதில் எனக்கு விளங்காத புதிர் இது. விடை சோலையில் இருக்கிறது. மரக்கிளைகள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. தரையில் மெத்தைபோல் கிடக்கும் சருகும் மட்கும் நீரை உறிஞ்சி, மண்ணுக்குள் மெல்ல இறக்குகின்றன. அதுவே பின்னர் ஊற்றாகக் கசிந்து ஓடையாகிறது.

சூப்பு வைப்பதற்காக வெளியூரார் வாங்கிச் செல்லும் முடவாட்டுக்காலைப் பாருங்கள். அது கிழங்கன்று, மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும் பெரணியின் தண்டு. அதன் பழுப்பு நிற இலைகள் கிண்ணம்போல் நின்று, உதிரும் சருகைப் பிடித்து மட்காக்குகின்றன. மண்ணில்லாத இடத்தில் தனக்கென மண் சேர்க்கும் செடி அது! நீரையும் மண்ணையும் பிடித்து வைத்திருக்கும் இத்திறமே எங்கள் மலையின் அழகு என்பேன்.

அத்திறம் இன்று தளர்ந்து வருகிறது. முன்பு எங்கள் சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்தன. நெருங்கி முளைக்கும் அப்பயிர்களின் சல்லிவேர்கள் மண்ணை இறுகப் பற்றும். ஜவ்வரிசி ஆலைகளின் தேவையால் மரவள்ளி வந்தது. அது இடைவெளி விட்டு நடப்படுவது. கிழங்கெடுக்க மண்ணைக் கிளற வேண்டும். கிளறிய மண் அடுத்த மழையில் சரிவிறங்கிப் போய்விடுகிறது.

“கெழங்கு காசு தரும், சோறு தருமா?” என்பார் என் அப்பாயி. “அந்தக் காசுலதானே பையன் படிக்கிறான்?” என்பார் அப்பா. இருவர் சொல்வதும் உண்மை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்; என் விடுதிக் கட்டணம் மரவள்ளி தந்ததே. சாமையை உரலில் குற்றிக் கை காய்த்துப்போன பெண்களிடம் “பழையபடி விதையுங்கள்” என்று சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 2023ஆம் ஆண்டை உலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. அப்பெருமை, ஊருக்கொரு உமி நீக்கும் இயந்திரமாகவும் நியாயமான விலையாகவும் வந்து சேர்ந்தால்தான் சாமை நிலைக்கும்.

“சரிவில் சாமை, சமதளத்தில் மரவள்ளி” என்று சென்ற விடுமுறையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை; சம்மதிக்கவும் இல்லை. அடுத்த விடுமுறையிலும் கேட்பேன்.

நண்பர்களே, எங்கள் மலைக்கு அவசியம் வாருங்கள். ஆகாய கங்கையில் ஆசைதீரக் குளியுங்கள். குளித்துக் கரையேறியதும் ஒரு கணம் அண்ணாந்து, மேலே நிற்கும் சோலையையும் பாருங்கள். உங்கள் மேல் விழுந்த நீரை அத்தனை நாளும் பிடித்து வைத்திருந்தது அதுதான்.