பழைய பிங்க் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள்

பினாங்கு, மாக் மண்டின் வட்டாரத்தில் கர்ப்பிணிகளோடு அரசு கிளினிக்குக்குப் போய்வருகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. முதல் பதிவின்போது மிஸ்ஸி, அதாவது தாதி, கேட்கிறார்: இதற்கு முன் எத்தனை தடவை கர்ப்பம்? ஏதாவது கலைந்ததா? போன பிரசவத்தில் பிரஷர் ஏறியதா? பக்கத்து நாற்காலியில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். பெண் தலையைக் குனிந்துகொண்டு "இல்லை மிஸ்ஸி" என்கிறாள். முதல் திருமணமும் அதில் கலைந்த கருவும் அந்த ஒரு சொல்லில் மறைந்துவிடுகின்றன. பிறகு எட்டாம் மாதத்தில் முகம் வீங்கி, கண் மங்கி, நடுராத்திரியில் செபராங் ஜெயா மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள்.

மானத்துக்குப் பயந்து சொல்லும் இந்தப் பொய், தாயின் உயிருக்கும் பிள்ளையின் உயிருக்கும் உலை வைக்கக்கூடியது. காரணம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

வயிற்றில் வளரும் பிள்ளையின் பாதி அப்பாவுடையது. தாயின் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு அந்தப் பாதி அந்நியம். அப்படியிருந்தும் அவை ஏன் அதைத் தாக்குவதில்லை என்று 1953ல் பீட்டர் மெடவார் கேட்டார். விடையின் ஒரு பெரிய பகுதி, தாக்கும் அணுக்களை அடக்கிவைக்கும் ஒழுங்காற்று டி அணுக்களில் கிடைத்தது. 1995ல் அவற்றை அடையாளம் காட்டிய ஜப்பானியர் ஷிமோன் சகாகுச்சி, மேலும் இருவரோடு 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த அணுக்களை நீக்கிய எலிகளில் கரு நிலைக்கவில்லை என்று 2004ல் ஓர் ஆய்வு காட்டியது. கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் இறங்கும் பிரிஎக்லாம்சியா கண்ட பெண்களிடம் இவை குறைவாகவோ வலுவிழந்தோ இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

நமக்கு வேண்டிய செய்தி அடுத்தது. ஒரு கர்ப்பத்தில் பழகிய இந்த அணுக்களில் சில உடம்பில் தங்கி, அடுத்த கர்ப்பத்தில் வேகமாகப் பெருகுகின்றன. இதை 2012ல் எலிகளில் பார்த்தார்கள். பிரிஎக்லாம்சியா தலைச்சன் கர்ப்பத்தில் அதிகம் வருவதற்கும், கணவர் மாறினாலோ பத்து வருடம் இடைவெளி விழுந்தாலோ ஆபத்து மறுபடி கூடுவதற்கும் ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் இதுவும் ஒன்று. ஆகவே "பிள்ளையின் அப்பா அதே கணவர்தானா?" என்று டாக்டர் கேட்டால் அது உங்கள் ஒழுக்கத்தைப் பற்றிய விசாரணை அல்ல. மருத்துவத்துக்கு அவசியமான கேள்வி.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாள் தள்ளிப்போனது உறுதியானதும், பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள். "டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை; மாமியாரை வெளியே உட்காரச் சொல்வது மிஸ்ஸியின் வேலை. அந்த மிஸ்ஸிகளுக்கும் ஒரு வார்த்தை: குடும்பமே கூடியிருக்கும்போது உரத்த குரலில் கேட்டால் உண்மை எப்படி வரும்?

கர்ப்பப் பதிவுகளை எழுதித் தரும் பிங்க் புத்தகம் கைக்கு வந்ததும் ஜி, பி என்று எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். 'ஜி3 பி1+1' என்றால் இந்தக் கர்ப்பத்தோடு சேர்த்து மூன்று, அதில் ஒரு பிரசவம், ஒரு கருச்சிதைவு என்று பொருள். உங்கள் கணக்கும் அந்தக் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். பழைய திருமணம் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்றால், அதைக் கிளினிக்கில் இருக்கும் பதிவில் மட்டும் குறிக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் முன்பு பிரஷர் ஏறியது, சாப்பிடும் மருந்து இரண்டும் கையில் உள்ள புத்தகத்தில் இருந்தே ஆக வேண்டும். நடுராத்திரியில் வார்டு டாக்டர் பார்ப்பது அதைத்தான்.

பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டு முடிந்ததும் தாயின் பழைய பிங்க் புத்தகத்தைக் குப்பையில் போடுகிறவர்கள் நிறையப் பேர். போடாதீர்கள். அடுத்த கர்ப்பத்தின் பதிவில் காட்ட அது வேண்டும்; இல்லையென்றால் டிஸ்சார்ஜ் கடிதம் போதும். அதுவும் இல்லையென்றால் பிரசவம் பார்த்த மருத்துவமனையின் மருத்துவப் பதிவுப் பிரிவில் அடையாள அட்டையோடு போய், ரிப்போர்ட்டுக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பியுங்கள். ரிப்போர்ட் வர நாளாகும். அதுவரை பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

இவ்வளவு அவசரம் ஏன்? ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார்கள். அதைப் பன்னிரண்டாம் வாரத்திலிருந்து, பதினாறு வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் நல்ல பலன். 2017ல் வெளியான பெரிய ஆய்வில், இரவில் 150 மில்லிகிராம் எடுத்தவர்களில் 1.6 விழுக்காட்டினருக்குத்தான் 37 வாரத்துக்கு முன் பிரிஎக்லாம்சியா வந்தது, எடுக்காதவர்களில் 4.3 விழுக்காடு. முன்பு பிரிஎக்லாம்சியா வந்தவர்கள், நீரிழிவு, சிறுநீரக நோய், லூபஸ் உள்ளவர்கள், ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்கள் "எனக்கு ஆஸ்பிரின் வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். கணவர் மாறியது மட்டும் அதற்குக் காரணமாகாது. மற்றதோடு சேர்த்து டாக்டர் முடிவு செய்வார். ஆஸ்துமா, வயிற்றுப்புண் இருந்தால் சொல்லிவிடுங்கள். பார்மசியில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். டாக்டர் கொடுத்ததை "இது இருதய நோய்க்காரர் மருந்து" என்று யாரோ சொன்னதற்காக நிறுத்தவும் செய்யாதீர்கள்.

"கர்ப்பிணிக்கு எதிர்ப்புச் சக்தியை ஏற்றும் பானம்" என்று வாட்ஸ்அப்பில் விற்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கர்ப்பத்தில் உடம்பு அந்தச் சக்தியைப் பல வழிகளில் அடக்கிவைக்கப் பாடுபடுகிறது. அதை ஏற்றுவதாகச் சொல்லி இவர்கள் காசு பார்க்கிறார்கள். மருந்தென்று விற்றால் எம்.ஏ.எல். பதிவு எண்ணும், விளம்பரத்துக்கு கே.கே.எல்.ஐ.யு. அனுமதி எண்ணும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். மலட்டுத்தன்மையையும் உயர் இரத்த அழுத்தத்தையும் குணமாக்குவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடை செய்கிறது. விளம்பரத்தைப் படம் பிடித்து, ரசீதோடு மாநில சுகாதார இலாகாவின் பார்மசி அமலாக்கப் பிரிவில் கொடுங்கள். தமிழில் பேசி உதவி கேட்கப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது.

தொழிற்சாலையில் ஷிப்டு போய்விடும் என்று செக்கப்பைத் தவிர்ப்பவர்கள் கிளினிக்கில் நேரச் சீட்டு வாங்கி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தைக் காரணமாக்கி வேலையை விட்டு நீக்குவதை 2023 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 41ஏ பிரிவு தடுக்கிறது. நீக்கிவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். வேலை திரும்ப வேண்டுமென்றால் தொழிலியல் உறவு இலாகாவுக்கு 60 நாளுக்குள் போக வேண்டும். 61ஆம் நாள் போய் அழுது பயனில்லை.

கடைசியாக ஒன்று, இதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பிள்ளை பிறந்ததும் ஆபத்து போய்விடுவதில்லை. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரைகூட பிரஷர் ஏறலாம், வலிப்பு வரலாம். பத்தியத்தில் இருக்கும் பெண் கடும் தலைவலி, கண்ணில் மினுமினுப்பு, வலது விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத் திணறல் என்றால் "காற்று புகுந்துவிட்டது" என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். 160/110 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, இந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலோ மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 999. புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். பிள்ளை பெற்று எத்தனை நாளாகிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.