பத்திரிகைக்கு முன்னால் ஓர் அட்டை

"என்னடா, உங்கண்ணன் பொண்ணு கல்யாணப் பத்திரிகையைத் தபால்ல அனுப்பியிருக்கான்? தட்டோட வாசல்ல வந்து நிக்கக்கூட நேரமில்லையாமா? ஓரத்துல ஒரு பொட்டு மஞ்சள்கூட இல்ல!"

அம்பத்தூர் அத்தை போனில் பொரிந்து தள்ளினார். அவர் கையில் இருந்தது பத்திரிகையே அல்ல. தை மாதம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் கல்யாணம், அந்த நாளை எங்களுக்காக ஒதுக்கி வையுங்கள் என்று ஆவணியிலேயே போன 'சேவ் தி டேட்' அட்டை. தட்டு, குங்குமம், வெற்றிலை எல்லாம் பின்னால் வரும் என்று புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. தவறு எங்கள்மேல்தான். 'முறைப்படி அழைக்க நேரில் வருகிறோம்' என்று ஒரு வரி அட்டையில் போட்டிருந்தால் அந்த அரைமணி மிச்சமாகியிருக்கும்.

வெளியூரில் கல்யாணம் வைப்பது நமக்குப் புதிதில்லை. திருப்பதி, குருவாயூர், குலதெய்வம் கோயில் என்று மூட்டை கட்டிக்கொண்டு போனவர்கள்தான் நாம். செட்டிநாட்டு வீடுகளோ கல்யாணத்தை மனதில் வைத்தே கட்டியவை போலிருக்கும்: முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும். சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கும் நகரத்தார் குடும்பங்கள் கல்யாணத்துக்கென்றே ஊருக்கு வந்து அந்தக் கதவுகளைத் திறப்பது உண்டு. அவர்களிடம் போய் 'டெஸ்டினேஷன் வெட்டிங்' என்றால் சிரிப்பார்கள். எங்களுக்கு அந்த ஊரில் வீடு கிடையாது. பெண்ணுக்கு ஆத்தங்குடித் தரையும் பர்மா தேக்குத் தூண்களும் பிடித்துப்போயின, அவ்வளவுதான்.

இவ்வளவு முன்கூட்டி ஏன் சொல்லவேண்டும்? தையில் முகூர்த்த நாட்கள் கொஞ்சம், கல்யாணங்கள் அதிகம். ஒரே நாளில் நாலு பத்திரிகை வந்தால், முதலில் வாக்குக் கொடுத்த இடத்துக்குத்தான் மனிதர்கள் போவார்கள். உள்ளூர் மண்டபம் என்றால் ஒன்றில் தலையைக் காட்டிவிட்டு அடுத்ததில் சாப்பிடலாம். கானாடுகாத்தானுக்கு அப்படி வர முடியாது.

அடுத்தது ரயில். 2024 அக்டோபர் வரை 120 நாளுக்கு முன்பே டிக்கெட் எடுக்க முடிந்தது. நவம்பர் 1 முதல் அது 60 நாளாகச் சுருங்கிவிட்டது. தைப் பொங்கலை ஒட்டிய தேதி என்றால் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். அன்று காலை 8 மணிக்குப் போனும் கையுமாக உட்காரவேண்டும் என்பது உறவினருக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் பல அட்டைகள் கோட்டை விடுகின்றன. கொட்டை எழுத்தில் போடுவது முகூர்த்தத் தேதியை. ஆனால் காலை 6 மணி முகூர்த்தத்துக்கு வரவேண்டியவர் முந்தின நாளே வண்டி ஏறவேண்டும். சென்னையில் பிற்பகலில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸ் இரவில்தான் கானாடுகாத்தானுக்குப் பக்கத்துக் காரைக்குடி சேரும். முகூர்த்தத் தேதியை மட்டும் பார்த்து டிக்கெட் போட்டவர் வந்து இறங்கும்போது தாலி கட்டிப் பந்தியும் முடிந்திருக்கும். எங்கள் அட்டையில் வரவேற்பு நாளும் முகூர்த்த நாளும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன. கீழே, எந்த ரயில் நிலையம், எந்த விமான நிலையம் என்று இரண்டு வரி. மணமக்கள் படம் இல்லை. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் படம் வெளியே போவதா என்று அண்ணி ஒரே பிடியாக நின்றார். வளவின் தூண்கள் கோட்டுச் சித்திரமாக வந்தன. எனக்கென்னவோ, கடற்கரையில் கைகோத்து நடக்கும் படங்களைவிட அதுவே அழகாகப் பட்டது.

அட்டை வாங்கப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனோம். கடைக்காரர் தட்டிக் காட்டியது பலகைபோல் தடித்த 600 ஜிஎஸ்எம் அட்டை; மேலே பட்டு நூல், அரக்கு முத்திரை. சாதாரணத் தபாலில் 20 கிராம் வரை 5 ரூபாய், அதைத் தாண்டினால் கட்டணம் கூடும். 300 ஜிஎஸ்எம் தாளில் ஏ6 அளவு அட்டை 5 கிராம்கூட வராது, உறையோடு சேர்த்தாலும் 10 கிராம் சுற்றி நிற்கும். தடித்த அட்டையும் அரக்கும் சேர்ந்தால் 20ஐத் தாண்டிவிடக்கூடும். அண்ணன் மகள் அரக்கை விட மனமில்லாமல் நின்றாள். சரி, ஒன்றே ஒன்றை எங்கள் விலாசத்துக்கே அனுப்பிப் பார்ப்போம் என்றேன். மூன்றாம் நாள் வந்த உறையைத் திறந்தால் அரக்கு நொறுங்கி, மிளகாய்வற்றல் தூள்போல் மடியில் கொட்டியது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆசைக்கு அஞ்சல் துறையின் 'மை ஸ்டாம்ப்' ஒட்டினோம். ஒரு தாளில் 12 தபால்தலை, பக்கத்திலேயே நாம் கொடுக்கும் படம்.

அட்டை தேர்ந்தெடுக்க ஒரு நாள் போனது, விலாசம் சேர்க்க மூன்று வாரம். யார் யாருக்கு என்று பார்க்க அண்ணன் பழைய மொய் நோட்டை எடுத்தான். அதில் பேர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, 101 ரூபாய் இருக்கிறது. கதவு எண் இல்லை. கேட்டு வாங்கிய சென்னை விலாசங்களிலோ பழைய எண், புதிய எண் என்று இரண்டிரண்டு. பின்கோடு பாதிப்பேருக்கு நினைவில்லை. டொராண்டோ, சிங்கப்பூர் உறைகளை முதலில் அனுப்பி, கூடவே வாட்ஸ்அப்பிலும் படத்தைத் தட்டிவிட்டோம். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு கலந்துவிட்டதால், போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவேண்டிய சில பெரியவர்களுக்கு மட்டும் அதில் போட்டோம்.

பட்டியலில் கை வைக்கும்போது தயக்கம் வந்தது. பத்திரிகை என்றால் கடைசி வாரத்தில்கூட நாலு பேரைச் சேர்க்கலாம், நாலு பேரை விடலாம். இந்த அட்டை போனவரை அப்புறம் விட முடியாது. ஐந்து மாதம் கழித்துப் பத்திரிகை வரவில்லை என்றால் அது ஜென்மப் பகை. தங்கும் அறைகளை எண்ணிப் பார்த்து, அலுவலக நண்பர்கள் பக்கத்தை அண்ணன் பென்சிலால் அடித்தான். அவர்களுக்குச் சென்னையில் ஒரு வரவேற்பு என்று முடிவானது.

கார்த்திகை கடைசியில் தட்டும் பத்திரிகையுமாக அம்பத்தூருக்குப் போனோம். அத்தை கூடத்துத் தினசரி காலண்டருக்குப் பின்னாலிருந்து அந்த அட்டையை உருவி நீட்டினார். பின்பக்கம் பால்பாயிண்ட்டில் பல்லவனின் வண்டி எண், ஆறு பேர், அவரவர் வயது. ஓரத்தில் அவரே தடவிய மஞ்சள். தன் வயதில் மட்டும் நாலைக் குறைத்திருந்தார். மூத்த குடிமக்கள் சலுகைதான் 2020 மார்ச்சிலேயே நின்றுபோயிற்றே, எதற்கு உண்மையைச் சொல்லவேண்டும் என்றார்.